புல்லட் டேங்கின் பழைய பெயின்ட்: ரிமூவரா, காஸ்டிக்கா, பிளாஸ்டிங்கா?

பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டதும் முதலில் வரும் கேள்வி இது. டேங்கில் மூன்று நான்கு தடவை அடித்த பெயின்ட், நடுவில் பட்டி, அடியில் துரு. இதன் மேலேயே புது பெயின்ட் அடித்தால் நிற்காது. தகடு தெரியும்வரை உரித்தே ஆகவேண்டும்.

டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் மாதிரி மெல்லிய இரும்புத் தகட்டுக்கு, பெயின்டை இளக்கி எடுக்கும் ரசாயனமான ரிமூவர் பக்கம்தான் நான். வேகமாக வேலை செய்யும் பழைய ரக ரிமூவரில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. தடிமனாகப் பூசி, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்திவிட வேண்டும். 40 டிகிரியிலேயே கொதிக்கிற திரவம். வெயிலில் வைத்தால் வேலை செய்வதற்குள் பறந்துவிடும். நிழலில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பெயின்ட் அப்பளம் போலப் பொரிந்து எழும்பும். பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் மேலே கறுப்பு, கீழே மெரூன், அதற்கும் கீழே பச்சை என்று சுருண்டு வரும். தகட்டில் ஒரு கீறல் இருக்காது.

ஆனால் அந்த ஆவி பொல்லாதது. காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும், உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் மூடிய குளியலறையில் தொட்டியின் பூச்சை இதை வைத்து உரித்த தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கான பெயின்ட் ரிமூவரில் இதை 2019-இல் அங்கே தடை செய்தார்கள். துணி மாஸ்க் இதற்கு எதுவும் செய்யாது. சாதாரண நைட்ரில் கையுறையை சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். அதனால் திறந்தவெளி, முதுகுப்பக்கம் காற்று. அந்த வசதி இல்லையென்றால் பென்சைல் ஆல்கஹால் ரகத்தை வாங்குங்கள். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில சமயம் ராத்திரி முழுக்க. இருக்கட்டுமே, உயிரைவிட அவசரமா?

காஸ்டிக் சோடா மலிவு, இரும்புக்குச் சரி. அலுமினியத்துக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை இரும்புச் சாமான்களோடு இன்ஜினின் அலுமினிய மூடியான டைமிங் கவரையும் சேர்த்து ஊறப்போட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் முழுக்க நுரை, கவர் கறுத்து, ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தது. அந்த நுரையில் வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது.

சேஸிஸ், ஸ்டாண்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு, மணலை வேகமாகப் பீய்ச்சி உரிக்கும் சான்ட் பிளாஸ்டிங்கை மிஞ்ச ஒன்றுமில்லை. இடுக்கில் இருக்கும் துருவும் போய்விடும். டேங்குக்கு அது வேண்டாம். மெல்லிய தகடு அலையலையாக நெளியும், மணல் உள்ளே போனால் கார்புரேட்டர் வரை தொல்லை. ஹீட் கன்னும் கிரைண்டரும் டேங்க் பக்கமே வரக்கூடாது. காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி நிற்கும்.

ரிமூவரில் நான் பட்ட அடி வேறு இடத்தில். டேங்கின் அடியில் இரண்டு தகடும் சேரும் மடிப்புக்குள் மருந்து ஒளிந்துகொள்ளும். மேலாகத் துடைத்துவிட்டு பெயின்ட் அடித்தேன். ஒரே வாரத்தில் அந்த மடிப்பு நெடுக பெயின்ட் கொப்புளித்தது. இப்போதெல்லாம் டேங்க் வாயை இறுக்க அடைத்துவிட்டு, பழைய டூத் பிரஷால் மடிப்பைத் தேய்த்து இரண்டு மூன்று தடவை கழுவுகிறேன். அப்புறம் காற்றடித்து ஈரம் போக்கி, தின்னரில் துடைத்து, அன்றைக்கே பிரைமர். ராத்திரி தாண்டினால் வெறும் தகட்டில் செம்மஞ்சளாகத் துரு பூத்துவிடும்.