மின்சாரப் பாடத்தை எங்கே தொடங்குவது: மின்னூட்டத்திலா, மின்னோட்டத்திலா?

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர். அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி. புத்தகங்களும் தேர்வுகளும் வேறு வேறு. ஆனால் பிளஸ் டூ இயற்பியலில் இரண்டு மாநிலப் புத்தகங்களும் ஒரே வாசலில்தான் நுழைகின்றன: முதல் பாடம் நிலைமின்னியல், அதாவது ஓடாமல் நிற்கும் மின்னூட்டத்தைப் பற்றியது. மின்னூட்டம், மின்புலம், மின்னழுத்தம், மின்தேக்கி எல்லாம் முடிந்த பிறகுதான் வயரில் கரண்டு ஓடும். காந்தம் அதற்கும் பின்னால்.

கண்டுபிடிப்புகள் வந்த வரிசையும் இதுவே. 1785இல் மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை அளந்த கூலூம், 1800இல் வோல்ட்டாவின் மின்கல அடுக்கு, 1820இல் கரண்டின் காந்த விளைவைக் கண்ட எர்ஸ்டெட், 1831இல் மின்காந்தத் தூண்டலைக் (மாறும் காந்தப்புலத்தால் கரண்டு உண்டாவது) கண்ட ஃபாரடே. இதற்குப் போட்டியாக இன்னொரு வழியும் உண்டு: செல், வயர், பல்பு, திசைகாட்டி ஆகியவற்றோடு கரண்டில் தொடங்கி, அதன் காந்த விளைவைக் காட்டிவிட்டு, பிறகு மின்னூட்டத்துக்குத் திரும்பி வருவது. டியூஷன் எடுப்பவர்களில் இரண்டு கட்சியும் இருக்கிறது.

முதல் வழியின் பலம் அதன் தர்க்கம். ஒரு கூலூம் மின்னூட்டத்தை நகர்த்த எத்தனை ஜூல் வேலை என்பதுதான் வோல்ட். இது பதிந்த பிள்ளைக்குப் பாதிக் குழப்பம் வராது. பத்தாம் வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: "சார், பல்புக்குள்ள போன கரண்டு அங்கேயே தீந்துருமுங்களா?" தீராது. உள்ளே போன மின்னூட்டம் அத்தனையும் வெளியே வரும், விட்டுவிட்டு வருவது ஆற்றலை மட்டும். மின்னூட்டம் வேறு, அது சுமக்கும் ஆற்றல் வேறு என்று முதலிலேயே பிரித்துப் படித்தவருக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கரண்டில் தொடங்கியவருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

பலவீனம், அந்தப் பாடத்தின் எண்கள் கைக்கு அடங்காதவை. ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கூலூம் மின்னூட்டங்கள் இரண்டை வைத்தால் விசை 9×10⁹ நியூட்டன், அதாவது 900 கோடி. அடுத்த மாதம் அதே ஆசிரியர், ஒரு ஆம்பியர் என்றால் விநாடிக்கு ஒரு கூலூம் என்கிறார். யோசிக்கிற பிள்ளை இங்கே நின்றுவிடும்: அப்படியானால் இஸ்திரிப்பெட்டி வயர் ஏன் வெடித்துச் சிதறவில்லை? நகரும் எலக்ட்ரான்களுக்கு ஈடான நேர் மின்னூட்டம் செம்புக்குள்ளேயே அசையாமல் இருக்கிறது, மொத்தத்தில் வயர் நடுநிலையானது என்பதே பதில். பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பதில் சொல்லப்படுவதே இல்லை.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. பள்ளி திறப்பது ஜூனில், தென்மேற்குப் பருவமழையும் ஜூனில். சித்தூர் பக்கம் மழை குறைவுதான் என்றாலும் காற்றில் ஈரம் ஏறிவிடும். தேய்த்த பொருளின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்கும் சோதனை, எந்த மாதம் நடத்த வேண்டுமோ அந்த மாதத்தில்தான் சொதப்பும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது பாருங்கள். பிளம்பர் மிச்சம் வைத்த பிவிசி குழாய்த் துண்டைக் கம்பளியில் தேய்த்துக் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தண்ணீர்க் கம்பி வளைந்து வரும். அதற்குள் வகுப்பு மின்காந்தத் தூண்டலைத் தாண்டியிருக்கும்.

இரண்டாவது வழிக்கு மழை ஒரு பொருட்டல்ல. வயரை வடக்கு தெற்காகத் திசைகாட்டிக்கு மேலே பிடித்து இணைப்பைக் கொடுத்தால் ஊசி திரும்பும். எவ்வளவு திரும்பும் என்று கணக்கும் போடலாம். ஒரு ஆம்பியர் ஓடும் நீண்ட நேர் வயரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதுவும் ஏறக்குறையக் கிடையாகவே இருக்கிறது. வயரின் புலம் அதில் பாதி என்பதால் ஊசி கிட்டத்தட்ட 27 டிகிரி விலகும்; இரண்டு ஆம்பியர் என்றால் 45. லண்டனில் பூமிப் புலத்தின் கிடைக்கூறு (கிடையான பகுதி) நம்முடையதில் ஏறக்குறையப் பாதிதான், எனவே அங்கே ஒரு ஆம்பியரே 45 டிகிரிக்குத் திருப்பிவிடும். நமக்கு ஏன் கிடையாக இருக்கிறது? பூமியின் புலம் முழுக்கக் கிடையாக இருக்கும் கோடான காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடிக்கு அருகே போகிறது. திருவனந்தபுரத்துத் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் அங்கிருந்து போனது. பாடம் சொந்த மாநிலத்துக்குள்ளேயே இவ்வளவு தூரம் போவது நிலைமின்னியலில் நடக்காது.

ஆனால் இந்த வழி வோல்ட்டில் வந்து முட்டிக்கொள்ளும். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, உயரம்தான் வோல்ட் என்று சமாளிப்பார்கள். குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும். வயரை அறுத்தால் ஒன்றும் கொட்டாதே என்று பிள்ளை கேட்டால் தொட்டி காலி. அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வேகம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு விநாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கடக்க நான்கு மணி நேரம் வரை ஆகும். பல்பு மட்டும் சுவிட்ச் போட்டதும் எப்படி எரிகிறது? வயர் நெடுகிலும் மின்புலம் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பரவி, எல்லா எலக்ட்ரான்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தள்ளுகிறது. இதைச் சொல்ல மின்புலம் தெரிந்திருக்க வேண்டும். மின்புலமோ நாம் பின்னால் தள்ளிவைத்த பாடம்.

சட்டக் காந்தத்தில் தொடங்கும் மூன்றாவது வழியை நான் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. வட துருவத்தையும் தென் துருவத்தையும் நேர், எதிர் மின்னூட்டம் போலப் பிரித்தெடுக்கலாம் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

என் ஓட்டு: பத்தாம் வகுப்பு வரை கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வழி. பிளஸ் டூவுக்கு முதல் வழிதான், தேர்வுக்காக அல்ல. நீட்டும் கேரளத்தின் நுழைவுத் தேர்வான கீமும் நீங்கள் எந்த வரிசையில் படித்தீர்கள் என்று கேட்பதில்லை. மின்னழுத்தம் சரியாகப் பிடிபடாமல் மின்தேக்கியும் மின்சுற்றுக்கான கிர்காஃப் விதியும் வெறும் மனப்பாடமாகிவிடும், அதற்காக. ஒரே ஒரு திருத்தம்: ஜூனில் திசைகாட்டிச் சோதனையை மட்டும் முன்னால் இழுத்துச் செய்துவிடுங்கள், தேய்க்கும் சோதனைகளைத் தைக்குத் தள்ளுங்கள்.

செய்யும்போது செல்போனைத் தள்ளி வையுங்கள், அதன் ஸ்பீக்கர் காந்தமே ஊசியை இழுக்கும். இரும்பு மேசையும் வேண்டாம். பேட்டரி செல்லை நேரடியாக ஷார்ட் செய்தால் வயரும் செல்லும் சுடும். அதற்குப் பதில் திசைகாட்டியைச் சுற்றி எனாமல் வயரைப் பத்துச் சுற்று சுற்றி, டார்ச் பல்பைத் தொடரில் போட்டால் 0.3 ஆம்பியரே ஊசியை நன்றாகத் திருப்பிவிடும். வயரின் இரு முனையிலும் எனாமலைச் சுரண்ட மறக்க வேண்டாம்.