ரேஷன் அரிசியும் மாதத் தொகையும்: ஊர் வைக்கும் இரண்டு அளவுகோல்கள்

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அரசு உதவியைப் பற்றிப் பேச்செழுந்தால், அரிசியாக வருவதற்கு ஒரு நியாயமும் பணமாக வருவதற்கு வேறொரு நியாயமும் பேசப்படுவதைக் கேட்கலாம். 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படும் ரேஷன் புழுங்கலரிசி, உலைக்குப் போகாமல் உளுந்தோடு ஊறி இட்லி மாவானால் எவரும் குறை சொல்வதில்லை. கோழிக்கு இறைத்தாலும் ஒரு முணுமுணுப்போடு சரி. விற்றால்தான் ஏச்சு விழும். அது சட்டப்படியும் குற்றம்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்தத் தாராளம் கிடைப்பதில்லை. அது உணவுக்கென்றே தரப்படும் தொகையும் அன்று. ஆனாலும் செல்போன் ரீசார்ஜ், ஒரு சேலை, பிள்ளைக்குப் பிரியாணிப் பொட்டலம் என எதில் செலவானாலும் ‘நம் வரிப்பணம்’ என்று கணக்குக் கேட்கிறார்கள். (கேட்பவர் வீட்டுக் குழம்பிலும் ரேஷன் கடையின் 30 ரூபாய்த் துவரம்பருப்பு வெந்துகொண்டிருக்கலாம்.)

என் பார்வையில், விலைவாசி ஏறினாலும் எடை குறையாது என்பதே அரிசியின் பெரிய பலம். குடிக்கிற கணவன் உள்ள வீட்டில் அதைப் பறிப்பதும் கடினம். ஆயினும் பால், முட்டை, காய்கறி எதுவும் அரிசி மூட்டையிலிருந்து வராது. அவற்றை வாங்கத் தொகைதான் வேண்டும். மிச்சத்தில் சேலை எடுத்தாளா என்று பார்ப்பது அண்டை வீட்டாரின் வேலையன்று.