ஒன்று போதுமா, ஒன்றுமே வேண்டாமா: கொழிஞ்சாம்பாறைக் கணக்கு

பிள்ளையே வேண்டாமா, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று நானும் அவரும் கல்யாணமான நாளிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். கடைசியில் ஒன்று பெற்றோம். மகளுக்கு மூன்று வயது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

செலவு, தூக்கம், நினைத்த நேரத்தில் ஊருக்குக் கிளம்புவது, எல்லாவற்றிலும் பிள்ளையில்லாத வீட்டுக்கே வெற்றி. "வயசான காலத்துல யாரு பாப்பாங்க கண்ணு?" என்று மாமியார் கேட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் தெருவில் பிள்ளைகளைப் பெற்றவர்களும் தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் துபாயிலும் திருப்பூரிலும்.

பிள்ளை பெறுவது பூமிக்குப் பாரம் என்ற வாதத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை குறைந்தால் ஆண்டுக்கு 58.6 டன் கார்பன் மிச்சம் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வைப் பலரும் காட்டுவார்கள். அது பணக்கார நாட்டு வாழ்க்கையை வைத்து, இனிமேல் பிறக்கப்போகும் பேரன் பேத்திகளின் பங்கையும் பெற்றவர் தலையில் ஏற்றிப் போட்ட கணக்கு. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான். அதோடு கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தைகளுக்கும் குறைவு என்ற நிலை ஏற்கெனவே வந்துவிட்டது.

என்னை முடிவெடுக்க வைத்தது கார்பன் அல்ல, தண்ணீர். பாலக்காடு என்றால் பச்சை என்று நினைப்பவர்கள் பங்குனியில் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வந்து பார்க்கட்டும். மழை மறைவுப் பகுதி. போர்வெல் வற்றினால் லாரித் தண்ணீர். தமிழ்நாட்டின் ஆழியாற்றிலிருந்து எங்கள் சித்தூர் வட்டத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும் என்று 1970 ஒப்பந்தம் சொல்கிறது. வருஷா வருஷம் அதற்கும் ஒரு பஞ்சாயத்து. இந்த ஊரில் இன்னொரு வாய் எதற்கு என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

அப்புறம் பக்கத்துப் பிளாச்சிமடையை நினைத்தேன். 2000-ல் வந்த குளிர்பான ஆலை, மக்கள் போராட்டத்தால் 2004-ல் நின்றது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த ஆலைக்கு அனுமதித்த நிலத்தடி நீர் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர். கிராமத்தில் குழாய் இணைப்புக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 55 லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஒன்பதாயிரம் பேரின் தண்ணீர்! நான் ஒரு தொட்டிலைக் காலியாக விட்டால் இந்த நிலத்தடியில் எத்தனை அடி ஏறிவிடும்? பயிருக்கும் ஆலைக்கும் எவ்வளவு, யார் கேட்பது என்பதில்தான் ஊரின் தண்ணீர் இருக்கிறது. கேட்கவும் ஆள் வேண்டுமே.

ஆனால் எதிர்த்தரப்பின் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளையால் பூமிக்கு என்ன ஆகும் என்பது இருக்கட்டும், பூமியால் பிள்ளைக்கு என்ன ஆகும்? 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. மூன்று வருடத் தாய்மையை வைத்து அவளுடைய முப்பதாவது வயதைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது.

இரண்டாவது என்றால் பெறுவதில்லை, தத்துதான் என்பது என் எண்ணம். இதில் எனக்கு அனுபவம் இல்லை, விதிகளைப் படித்ததோடு சரி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-க்குள் இருக்க வேண்டும். வரிசையில் காத்திருப்பதோ வருடக்கணக்கு. எங்களுக்கு இப்போது 71. அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.