ஆறு வருடம் நூலகத்தை நம்பி ஓட்டிய ஆய்வு: ஒரு பகுதிநேர மாணவியின் அனுபவம்

2019 ஜூலையில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். வேலை, செங்கல்பட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியை. தலைப்பு, ஏரிகளில் நடந்த குடிமராமத்தின், அதாவது ஊர்மக்களே கூடி நீர்நிலையைப் பராமரித்த முறையின் வரலாறு. பல்கலைக்கழகத்துக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போனாலே பெரிய விஷயம். அதனால் வீட்டிலிருந்தே எடுத்துப் படிக்க என்னென்ன கிடைக்கும் என்பதுதான் என் ஆய்வின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. இப்போது ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்ஃப்லிப்நெட் மையம் தொகுத்து வைத்திருக்கும் தளம். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள். கடவுச்சொல் கிடையாது, காசு கிடையாது. ஆனால் 'குடிமராமத்து' என்று தமிழில் தட்டியபோது எனக்கு உருப்படியாக ஒன்றும் வரவில்லை. இந்தத் தலைப்பில் யாரும் ஆய்வே செய்யவில்லை என்று சந்தோஷப்பட்டு, முன்னாய்வுப் பகுதியில் அப்படியே எழுதியும் விட்டேன்.

அதைத் திருத்தியது எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த ஒரு மேடம். "ஏம்மா, துறையைப் பிடிச்சு உள்ள போய்ப் பாத்தியா?" என்று கேட்டு, அவர் கணினியிலேயே காட்டினார். பல்கலைக்கழகம், அதற்குள் வரலாற்றுத் துறை, அதற்குள் தலைப்புப் பட்டியல். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தபோது என் தலைப்பை ஒட்டிய நான்கு ஆய்வேடுகள் இருந்தன. ஒன்றின் தலைப்பு ஆங்கில எழுத்தில் பதிவாகியிருந்தது. இன்னொன்று பழைய எழுத்துருவில் தட்டச்சானது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். மற்ற இரண்டும் அச்சுப் படியை ஸ்கேன் செய்தவை, கணினிக்கு வெறும் படம். இவற்றில் எதையும் தமிழ்த் தேடல் தொடாது. அதற்கு மேல், குடிமராமத்தை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், வெள்ளைக்காரன் காலத்து ஆவணத்தில் வேறு மாதிரி இருக்கும். நான்கைந்து எழுத்துக்கூட்டலையாவது போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரப் பாடத்தைப் பதிவு செய்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித் தந்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் கற்றதுதான். ஷோத்கங்காவில் ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முதலில் கடைசிக் கோப்பை, அதாவது துணைநூற்பட்டியலைத் திறக்க வேண்டும். எந்த ஆவணக் காப்பகத்தில் எந்தக் கோப்பைப் பார்த்தார்கள் என்பது அதில் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நான் வெறுங்கையோடு போகாமல் பட்டியலோடு போனது அப்படித்தான்.

ஆங்கில ஆய்விதழ்கள் விஷயத்தில் முதல் நான்கைந்து வருடம் கஷ்டம். வளாக இணையத்தில் மட்டும் திறக்கும். 2020-இல் ஊரடங்கு வந்ததும் அதுவும் போயிற்று. வெளியிலிருந்து நுழைய இன்ஃபெட் கணக்கு, அதாவது பல்கலைக்கழகம் நம் பெயரில் தரும் நுழைவுக் கணக்கு வேண்டும். எங்கள் இடத்தில் பகுதிநேர ஆய்வாளர்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. எட்டு மாதம் கடிதம் எழுதித்தான் வாங்கினேன். கட்டணம் மட்டும் எல்லோருக்கும் கட்டாயம், வசதி பாதிப் பேருக்கு என்பது நியாயமே இல்லை. நீங்கள் பகுதிநேரம் என்றால் சேர்ந்த அன்றே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2025 ஜனவரி முதல் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தபின் நிலைமை நிஜமாகவே மாறியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்கு. முன்பு சுருக்கத்தோடு நின்றுபோன கட்டுரைகளை முழுதாகப் படித்தேன். ஆனால் தமிழில் எழுதுகிற என் போன்றவர்களுக்கு வேண்டிய பழைய தமிழ் இதழ்கள் அதில் இல்லை. அதற்குத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகம்தான். அங்கே அலமாரிக்குள் நாமே போய்த் துழாவ முடியாது, பட்டியலில் பார்த்துக் குறித்துக் கொடுத்தால் எடுத்து வந்து தருவார்கள். அதனால் வீட்டிலேயே பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் பாதி நாள் மிச்சம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தை உட்கார்ந்து எழுதத்தான் அதிகம் பயன்படுத்தினேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. விடுமுறை நாளில் சீக்கிரம் போய்விட வேண்டும்.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள், இலவசம். நம் பெயர்களில் குடும்பப்பெயர் கிடையாது என்பதால் முதலில் எல்லாம் தலைகீழாக வந்தது. ஆசிரியர் பெயரை ஒற்றைப் புலமாக மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைப் போட்டதும் சரியானது.

அப்புறம் ஒப்புமைச் சோதனை, அதாவது நம் எழுத்து மற்றவர்கள் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பது. 2018 யூ.ஜி.சி. விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை. துணைநூற்பட்டியல், முறையாகக் காட்டிய மேற்கோள் எல்லாம் கணக்கில் வராது. என் முதல் மூன்று இயல்களும் டைப்பிங் சென்டரில் பழைய எழுத்துருவில் அடித்தவை. நூலகத்தில் கொடுத்தபோது அதே மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுல தமிழே இல்லம்மா, மெஷின் எதை ஒப்பிடும்?" அப்போதுதான், நான் தேடித் தவித்த ஆய்வேடுகளைப் போலவே என்னுடையதும் ஆகப்போகிறது என்று உறைத்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி, விட்டுப்போன புள்ளிகளையும் உடைந்த கொம்புகளையும் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து திருத்தினேன்.

சமர்ப்பிக்கும்போது, தேடலில் அகப்படுவதற்கான குறிச்சொற்களை மேலோட்டமாக எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நான் குடிமராமத்தைத் தமிழிலும், ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்த ஐந்து எழுத்துக்கூட்டலிலும் எழுதிக் கொடுத்தேன். ஷோத்கங்காவில் பதிவேற்றும்போது ஒன்றையும் விட்டுவிடாதீர்கள் என்று மேடத்திடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.