650 சொல் காணும், 150 எழுத்துத்தான் காணாது

பக்கத்து வீட்டுத் தம்பி ஏ/எல் சோதனை முடித்த கையோடு, ஒரே படிவத்தில் பல கல்லூரிகளுக்குப் போடும் கொமன் அப் (Common App) வழியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். "அக்கா, கட்டுரைக்கு 650 சொல் காணுமா?" என்று கேற்றடியில் நின்று கேட்டான். சில வருடங்களாகத் திருகோணமலைப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

காணும், தாராளமாகக் காணும். இங்கே கம்பஸ் போக வெட்டுப்புள்ளிதான் கணக்கு, கட்டுரை ஒருவரும் கேட்பதில்லை. சோதனை மண்டபத்தில் மேலதிகத் தாள் வாங்கி வாங்கி எழுதிப் பழகியவர்களுக்கு, 650ஐத் தாண்டினால் ஏற்காத பெட்டி முதலில் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் எங்களூர்ப் பிள்ளைகளின் முதல் பந்தி பெரும்பாலும் ஒன்றுதான்: உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீரூற்று. இதெல்லாம் முடிந்த பிறகுதான் எழுதிய ஆள் எட்டிப் பார்ப்பார். எல்லை நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சுற்றுலாக் கையேடு. போன முறை ஒரு பிள்ளையின் கட்டுரையில் துறைமுகம் முழுதாகப் போய்விட்டது. உப்புவெளி விடுதியில் அப்பா இரவு வேலை முடித்து வரும்வரை தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கதை மிஞ்சியது. அவ்வளவு நல்ல கட்டுரை! இன்னும் இரண்டு பக்கம் கொடுத்திருந்தால் அந்தக் கதை வெளியே வந்தே இருக்காது.

பிரித்தானியாவுக்கு, அங்குள்ள பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யுகாஸ் (UCAS) வழியாகப் போகிறவர்களுக்குச் சொற்கணக்கு இல்லை, இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்துக்குறி. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. சரி, அதுவும் சமாளிக்கலாம்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். அந்தக் கொமன் அப் விண்ணப்பத்தில், படிப்புக்கு வெளியே செய்தவற்றைப் போடும் பட்டியலில் பத்து இடம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துக்குறி. பொஸ்டன் பிள்ளை விவாதக் குழுத் தலைவி என்று போட்டால் வாசிப்பவருக்கு விளங்கும். இங்கே ஒருத்தி, கோணேசர் கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் நடத்தியவள். அது என்ன, யாருக்கு, ஏன் காசு வாங்குவதில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கவே பெட்டி நிறைந்துவிடுகிறது. கடை கடையாய் ஏறிச் சீனி கேட்டது, மோர் முடிந்தபோது வரிசையைச் சமாளித்தது, கணக்குக் கொப்பி வைத்திருந்தது எல்லாம் வெளியே. கமாவை எடுத்தோம், ஊர்ப் பெயரைச் சுருக்கினோம். கடைசியில் பத்திரிகை மரண அறிவித்தல் போல ஒன்று வந்து நின்றது. மேலதிகத் தகவல் பகுதியில் எழுதலாமே என்பீர்கள். 2025-26இல் அதையும் 650 சொல்லிலிருந்து 300 ஆக்கிவிட்டார்கள்.

தம்பிக்கு 650ஐ நினைத்துப் பயப்படாதே என்றுதான் சொன்னேன். இந்த விண்ணப்ப எல்லைகளுக்குப் புள்ளி கேட்டால் மொத்தத்துக்கு ஐந்தில் இரண்டு. நியாயமாகப் பார்த்தால் நான்கு போட வேண்டும், தெரியும். சீனி கேட்ட கதைக்கு இடம் கிடைக்காத கோபம் இன்னும் இறங்கவில்லை.