காட்மியத்துக்கு ஜிங்க், குரோமியத்துக்கு எரு: உரக்கடைக்குப் போகுமுன் ஓர் ஒப்பீடு

மச்சான் தோட்டம் நொய்யலுக்குத் தென்கரையில் இருக்கிறது. போன கோடையில் அவர் போட்ட அரைக்கீரையில் கொழுந்து இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். உரக்கடையில் ஒரு டானிக்கைக் கையில் கொடுத்து, "அடிச்சு உடுங்க, பத்தே நாள்ல கருகருன்னு வந்துரும்" என்றார்களாம். இலை கருத்ததும் நிஜம்தான். அதற்குள் இருப்பது என்ன என்பதுதான் எனக்குக் கேள்வி.

அந்த மஞ்சளுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நம் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகும், இது முதலாவது. முலாம் பட்டறைக் கழிவில் வரும் நிக்கல் மிகுந்தாலும் இதே மஞ்சள்தான், துத்தநாகம் மிகுந்தாலும் இதே மஞ்சள்தான். அரை சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்தால் மூன்றுமே ஓரளவு பச்சையாகும். முதல் வகைக்கு அது வைத்தியம். மற்ற இரண்டில் அது முகத்துக்கு அடித்த பவுடர்.

அதனால் காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற நச்சு உலோகம் கலந்த மண்ணுக்கு எந்தச் சத்து என்று ஒப்பிடும்போது நான் கேட்பது இரண்டே கேள்வி. உலோகத்தை வேருக்கு வெளியிலேயே நிறுத்துகிறதா? அல்லது உள்ளே வந்த உலோகத்தைத் தாங்கிக்கொள்ளும் தெம்பை மட்டும் செடிக்குத் தருகிறதா? பருத்திக்கு இரண்டாவது போதும். கீரைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போதாது.

முதலில் ஜிங்க் சல்பேட், அதாவது துத்தநாக உரம். காட்மியமும் துத்தநாகமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம், வேருக்குள் நுழையும் வாசலும் பெரும்பாலும் ஒன்றுதான். மண்ணில் துத்தநாகம் குறைந்தால் செடி அந்த வாசலை அகலத் திறந்து வைக்கும், காட்மியம் சும்மா உள்ளே வரும். தெற்கு ஆஸ்திரேலியாவின் துத்தநாகம் குறைந்த கோதுமை நிலங்களில் ஜிங்க் போட்டபோது தானியத்தில் காட்மியம் குறைந்தது. நம் பக்கத்திலும் ஜிங்க் பற்றாக்குறை மண் நிறைய உண்டு. நெல்லுக்குச் சொல்லும் அளவு ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ, 20 கிலோ மணலோடு கலந்து வீச வேண்டும். டிஏபி உரத்தோடு கலந்துவிடாதீர்கள், பாஸ்பேட்டும் துத்தநாகமும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும், இரண்டுக்கும் போட்ட காசு வீண். ஒரு எச்சரிக்கை: பட்டறைக் கழிவில் துத்தநாகமே கலந்திருந்தால் ஜிங்க் போடுவது எரிகிற தீயில் எண்ணெய்.

அடுத்து உமிச்சாம்பல். காங்கேயம் பக்கம் அரிசி ஆலைகளில் மலையாகக் குவிந்து கிடப்பது. உமியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நெல்லின் வேரில் சிலிக்கான் படிந்தால் காட்மியம் மேலே போவது குறையும், ஆர்சனிக்கும் குறையும். சாம்பலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிறமாக, விரலில் மாவாக ஒட்டினால் நல்லது. அதிக வெப்பத்தில் வெந்து வெள்ளையாக நறநறத்தால் சிலிக்கா படிகமாகிவிட்டது, மண்ணில் எளிதில் கரையாது. ஜிங்க்கோடு ஒப்பிட்டால் இது மலிவு, அளவு மிஞ்சினாலும் விஷமாகாது. ஆனால் புல் குடும்பத்துக்குத்தான் இது விருந்து: நெல், சோளம், மக்காச்சோளம், கரும்பு. கீரையும் தக்காளியும் சிலிக்கானை அவ்வளவாக உறிஞ்சாது. தீவனச் சோளத்துக்கு இதையே முதலில் வைப்பேன், அரைக்கீரைக்கு வாங்க மாட்டேன்.

பாஸ்பேட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈயம் உள்ள மண்ணில் அதுதான் முதல் தெரிவு, ஈயத்தோடு சேர்ந்து கரையவே கரையாத கனிமமாக உறைந்துவிடும். ஆர்சனிக் இருந்தால் தொடாதீர்கள், மண்ணில் ஒட்டியிருப்பதைக் கிளப்பிவிடும். பாறைப் பாஸ்பேட்டிலேயே கொஞ்சம் காட்மியம் இருப்பது உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

கந்தகம்தான் எனக்குக் குழப்பம் தந்தது. செடி கந்தகத்தைக் கொண்டு குளுட்டாதையோன் என்ற பொருளைச் செய்யும், அதிலிருந்து காட்மியத்தைக் கட்டிப்போடும் சிறு புரதங்களைச் செய்து, செல்லின் சேமிப்பறையில் பூட்டி வைக்கும். அபாரமான வேலை. ஆனால் பூட்டிய அறை இலைக்குள்தானே இருக்கிறது? கீரையை ஆய்ந்து சட்டியில் போடும்போது அறையோடு சேர்த்துத்தான் போடுகிறோம். இலைக்கீரையில் காட்மியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். இலை பச்சையாக இருப்பதற்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

அதே கந்தகம் ஜிப்சமாக வரும்போது கதை வேறு. குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமேட் வேருக்குள் போவது, ஜிப்சத்தில் கந்தகம் இருக்கும் வடிவமான சல்பேட்டின் வாசல் வழியாக. சல்பேட் மிகுந்தால் குரோமேட்டுக்கு இடம் குறையும். கூடவே ஜிப்சத்தின் கால்சியம் சத்து மண்ணிலிருந்து சோடியத்தை வெளியேற்றும். நொய்யல் ஓரத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவில் நிரம்பியதும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்தது, ஆனால் அந்தத் தண்ணீரில் முதல் எதிரி உப்பு. உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை வேருக்கு நகர்த்தித் தரவும் செய்யும். உப்பைக் கழுவாமல் ஜிங்க் மட்டும் போட்டால் பாதி வேலைதான்.

தோல், முலாம் கழிவு வரும் இடங்களில் ஜிப்சத்துக்கு முன்பே நான் வைப்பது மக்கிய எரு. குரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம்தான் விஷமும் ஓட்டமும் உள்ளது. எருவும் அன்னபேதியும் அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடும், அது பெரும்பாலும் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷ் கட்டுரைகள் எல்லாம் சுண்ணாம்பு போடச் சொல்லும். அது புளிப்பு மண்ணுக்கு. நம் மண்ணின் கார அமில நிலை (pH) ஏற்கெனவே 8-ஐத் தாண்டி நிற்கிறது, இன்னும் சுண்ணாம்பு போட்டு என்ன செய்ய?

சரி, எந்த உலோகம் என்று எப்படித் தெரியும்? மண்வள அட்டையில் 12 விவரம் உண்டு, துத்தநாகமும் இரும்பும் அதில் இருக்கும். காட்மியம், குரோமியம், ஈயம், நிக்கல் எதுவும் இருக்காது. தனியாகக் கேட்டு, காசு கட்டித்தான் பார்க்க வேண்டும். டானிக் பாட்டில் நாலு வாங்குகிற காசில் அதைப் பார்த்துவிடலாம் என்று மச்சானிடம் சொன்னேன். முதலில் முறைத்தார். அப்புறம் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், வயலில் அஞ்சு இடத்து மண் ஒரு பை என்று எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினார். முடிவு வருகிற வரைக்கும் அந்தப் பாத்தியில் கீரையும் வேண்டாம், தீவனச் சோளமும் வேண்டாம் என்று பசுந்தாள் பயிரான சணப்பைதான் விதைத்திருக்கிறார். பூக்கட்டும், மாட்டுக்கு மட்டும் அறுத்துப் போட்டுவிட வேண்டாம் என்று அக்காவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.