முதல் ஹை-பவர் ராக்கெட் கிட்: ஒரு வருடத்துக்கு மேல் ஏற்றி இறக்கிய பிறகு

ஹை-பவர் ராக்கெட் கிட், அதாவது பொழுதுபோக்குக்காக நாமே கட்டிப் பறக்கவிடும் பெரிய ராக்கெட்டின் பாகங்கள் அடங்கிய பெட்டி, வாங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எவ்வளவு உயரம் போகும்?" ஒரே ராக்கெட்டை ஒரு வருடத்துக்கு மேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உயரத்தை மோட்டார், அதாவது எரிபொருள் அடைத்த உருளை, பார்த்துக்கொள்ளும். நம் காசும் கவனமும் போகவேண்டியது இறங்கும் பக்கத்துக்கு. கிட் தயாரிப்பவர்கள் சிக்கனம் பிடிப்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

என்னிடம் இருப்பது 4 அங்குல விட்டம், நின்றால் என் மார்பு வரை வரும். கெட்டியான கிராஃப்ட் காகிதக் குழாய், பிளைவுட் துடுப்புகள், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, அடியில் 38 மில்லிமீட்டர் மோட்டார் குழாய். பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் லெவல் 1 சான்றிதழுக்கென்று விற்கிற காகிதக் குழாய் கிட்கள் பெரும்பாலும் இதே அச்சில்தான் வருகின்றன, அதனால் பெயர் பெரிய விஷயமில்லை. விலை 100 டாலரைச் சுற்றி. நான் இருப்பது தென் கலிஃபோர்னியா. பறக்கவிடுவது மொஹாவி பாலைவனத்தில் உள்ள லூசர்ன் வறண்ட ஏரியில்.

லெவல் கணக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மோட்டார்களுக்கு எழுத்துதான் அளவு. ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்தக் கணத்தாக்கின் (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது) உச்ச அளவு இரட்டிப்பாகும். எச் என்றால் 160 முதல் 320 நியூட்டன்-நொடி, ஐ என்றால் 640 வரை. இந்த இரண்டும் லெவல் 1. ஜே, கே, எல் லெவல் 2. எம் முதல் ஓ வரை லெவல் 3. சான்றிதழ் தருபவை இரண்டு அமைப்புகள்: 1957-இல் தொடங்கிய நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, 1964-இல் தொடங்கிய டிரிபோலி ராக்கெட்ரி அசோசியேஷன். லெவல் 1-க்கு, நீங்களே கட்டிய ராக்கெட்டை எச் அல்லது ஐ மோட்டாரில் ஏற்றி, மீண்டும் பறக்கக்கூடிய நிலையில் எடுத்து வந்து சாட்சியிடம் காட்டவேண்டும். எத்தனை அடி போனது என்று யாரும் கேட்பதில்லை. பாராசூட் விரிந்ததா, மோட்டார் உறை உள்ளேயே இருக்கிறதா, துடுப்பு முழுசா இருக்கிறதா, அவ்வளவுதான்.

"ஏன்டா, அங்க போலீஸ் எல்லாம் பிடிக்க மாட்டாங்களா?" என்று கோயம்புத்தூரிலிருந்து அம்மா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. 125 கிராமுக்கு மேல் எரிபொருளோ 1,500 கிராமுக்கு மேல் மொத்த எடையோ இருந்தால், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் வான்வெளி அனுமதி வாங்கவேண்டும். என்னுடையது மோட்டாரோடு 1,700 கிராம் வரும். ஆனால் அந்த அனுமதியை எங்கள் ராக்கெட் கிளப் மொத்தமாக வாங்கிவிடுகிறது. தனி ஆள் அலையவேண்டியதில்லை. எரிபொருள் அம்மோனியம் பெர்குளோரேட் கலவை. ஸ்பேஸ் ஷட்டிலின் பக்கவாட்டு பூஸ்டர்களில் எரிந்ததும் இந்த வகைதான். முன்பு இது அமெரிக்க அரசின் வெடிபொருள் பட்டியலில் இருந்தது. இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2000-இல் வழக்குப் போட்டு, 2009-இல் நீதிமன்றத் தீர்ப்பால் அது பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இன்று நாம் இவ்வளவு சுலபமாக மோட்டார் வாங்குவதற்கு அந்த வழக்குதான் காரணம்.

சரி, கட்டும் வேலைக்கு வருவோம். பயப்பட ஒன்றுமில்லை. வரிசை எளிது: மோட்டார் குழாயில் பிளைவுட் வளையங்கள், அதைப் பெரிய குழாய்க்குள் ஒட்டுவது, பிறகு குழாய்ச் சுவரில் ஏற்கெனவே வெட்டியிருக்கும் பிளவு வழியாகத் துடுப்பை நுழைத்து, அதன் அடிப்பகுதி உள்ளே இருக்கும் மோட்டார் குழாயைத் தொடும்படி ஒட்டுவது. துடுப்பு இரண்டு குழாயிலும் பிடித்துக்கொள்வதால்தான் பிளைவுட்டும் காகிதமும் இவ்வளவு அடி தாங்குகின்றன.

துடுப்பு குழாயைச் சந்திக்கும் மூலையில் எபாக்ஸியை வளைவாக இழுத்துவிடவேண்டும். ஃபில்லெட் என்பார்கள். பொறுமை கேட்கிற வேலை என்றால் இதுதான். 30 நிமிட எபாக்ஸி போதும்; 5 நிமிடத்தது வேண்டாம், இழுத்து முடிப்பதற்குள் இறுகிவிடும். மூலைக்கு இருபுறமும் சம தூரத்தில் நீல டேப் ஒட்டி, ராக்கெட்டை அந்த மூலை மேலே பார்க்கும்படி படுக்கவைத்து, எபாக்ஸியை ஊற்றி, கையுறை போட்ட விரலை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ் வரை. நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு திட்டு நிற்கும். எபாக்ஸி முழுசாக இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். இறுகிய பிறகு உரித்தால் ஓரம் பல்லுப் பல்லாக வரும். ஒரு மூலை காய்ந்த பிறகுதான் அடுத்த மூலை. வார இறுதியில் முடித்துவிடலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பவேண்டாம்.

குழாயின் வாய்ப்பகுதியில் மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். வழிகாட்டியில் இது இல்லை, கிளப்பில் ஒரு பெரியவர் சொன்னது. மூக்குக் கூம்பு உள்ளே வெளியே போய்வரும் இடம் அது. வெறும் காகிதம் என்றால் சில மாதத்தில் நார் நாராகப் பிரியும். எனக்கு இன்றுவரை வாய் கெட்டியாக இருக்கிறது. பெயிண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் கூம்பைச் சோப்புப் போட்டுக் கழுவித் தேய்க்காவிட்டால் பெயிண்ட் உரியும், தேய்த்தாலும் கொஞ்சம் உரியும்.

பெட்டியில் வராதவை: எபாக்ஸி, மோட்டார் வெளியே விழாமல் பிடிக்கும் ரிடெய்னர், பாராசூட்டைச் சூட்டிலிருந்து காக்கும் நோமெக்ஸ் துணி. மூன்றும் கண்டிப்பாகத் தேவை என்பதால் கிட் விலையோடு 60, 70 டாலர் சேர்த்துக்கொள்ளுங்கள். திருகு மூடி உள்ள அலுமினிய ரிடெய்னர் வாங்கிச் சூடு தாங்கும் எபாக்ஸியில் ஒட்டினால் அந்தக் கவலை அத்தோடு தீர்ந்தது.

பறக்கும் முன் ஒரு கணக்கு பார்க்கவேண்டும். தீபாவளி ராக்கெட்டில் குச்சி செய்கிற வேலையை இதில் துடுப்புகள் செய்கின்றன: காற்றின் அழுத்த மையத்தைப் பின்னுக்குத் தள்ளி, ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே வைப்பது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு விட்ட அளவு, அதாவது எனக்கு 4 அங்குலம், இடைவெளி வேண்டும். 1960-களில் ஜேம்ஸ் பாரோமேன் வகுத்த சமன்பாடுகளை வைத்து ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இதைச் சொல்லிவிடும். ஆனால் எடையை எபாக்ஸி, பெயிண்ட் எல்லாம் சேர்ந்த பிறகு தராசில் வைத்துப் பார்த்துப் போடுங்கள். கிட் அட்டையில் இருக்கும் எடை, எபாக்ஸியே படாத ராக்கெட்டின் எடை.

மோட்டார் ஏரோடெக் எச் 135 டபிள்யூ-14ஏ, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை. 135 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். என் ராக்கெட்டின் எடைக்கு அது எட்டு மடங்கு. ஐந்து மடங்கு இருந்தாலே ஏவுதளத்தில் தலையாட்டிவிடுவார்கள். இது 29 மில்லிமீட்டர் மோட்டார் என்பதால் 38 மில்லிமீட்டர் குழாய்க்கு ஒரு அடாப்டர் தேவை. கடைசியில் வரும் 14தான் கவனிக்கவேண்டிய எண்: எரிந்து முடித்து 14 நொடி கழித்து, உள்ளே இருக்கும் கருமருந்து வெடித்து மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்றும். என் ராக்கெட் எரிந்து முடித்த ஏறக்குறைய 8 நொடியில் உச்சியைத் தொட்டுவிடும். 14 நொடி விட்டால் தலைகீழாகப் பாய்ந்து வரும் வேகத்தில் மூக்கு கழன்று, கூம்பையும் குழாயையும் இணைக்கும் கயிறு காகிதக் குழாயை மேலிருந்து கீழாகக் கிழித்துவிடும். ஜிப்பர் என்று சொல்வது இதைத்தான். அதனால் அதற்கென உள்ள துளையிடும் கருவியில் 6 நொடி குறைக்கவேண்டும். களத்தில் மோட்டார் விற்பவரே பக்கத்தில் நின்று காட்டிக்கொடுப்பார்.

லூசர்னில் காலையில் காற்று அடங்கியிருக்கும்; மதியத்துக்கு மேல் நம்ப முடியாது. பாதுகாப்பு மேசையில் ராக்கெட்டைக் கையில் வாங்கி, துடுப்பை ஆட்டிப் பார்ப்பார்கள். கூம்பைப் பிடித்து மொத்த ராக்கெட்டையும் தூக்குவார்கள்: கழலக் கூடாது. லேசாகக் குலுக்குவார்கள்: கழலவேண்டும். டேப் சுற்றி இந்த இறுக்கத்தைச் சரிசெய்வது ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யவேண்டிய வேலை, ஏனென்றால் குளிர்ந்த காலையில் சரியாக இருந்த பிளாஸ்டிக் வெயில் ஏறியதும் இறுகிக்கொள்கிறது. பிறகு ராக்கெட்டை நேராக வழிநடத்தும் ஏவு தண்டில் ஏற்றி, மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை அதன் உச்சி வரை செருகி, கிளிப் மாட்டி, 100 அடி தள்ளி வந்து நிற்கவேண்டும். ஐந்திலிருந்து எண்ணுவார்கள். வெள்ளைச் சுடர், கொஞ்சம் தாமதித்து நெஞ்சில் வந்து மோதும் சத்தம். ஒன்றரை நொடியில் எரிந்து முடிந்துவிடும். அப்புறம் நடப்பதெல்லாம் பாராசூட் பாடு.

கிட்டோடு வந்த பாராசூட் 36 அங்குலம். இந்த எடைக்கு அது நொடிக்கு 23 அடி வேகத்தில் இறக்குகிறது. புல்வெளியில் பரவாயில்லை. வறண்ட ஏரி காய்ந்த களிமண். சிமெண்ட் தரை தோற்றுவிடும். ஒரு துடுப்பின் முனை அதில்தான் விரிசல் விட்டது. சூப்பர் குளூவும் ஒரு துண்டு பிளைவுட்டும் வைத்து வீட்டிலேயே சரிசெய்தேன். காகிதம், பிளைவுட் கிட்டின் பெரிய வசதி இதுதான். எது உடைந்தாலும் ஹார்டுவேர் கடைப் பொருளிலேயே ஒட்டிவிடலாம்.

48 அங்குலத்துக்கு மாறினேன்: நொடிக்கு 17, 18 அடி. தரையிறக்கம் மென்மையானது, ஆனால் நடை கூடியது. 1,400 அடியிலிருந்து இறங்க 80 நொடி. மணிக்கு 10 மைல் காற்று இருந்தால் 1,200 அடி தள்ளிப் போய் விழும். அதற்குத்தான் ஜாலி லாஜிக் சூட் ரிலீஸ் என்ற சின்னப் பெட்டி. மடித்த பாராசூட்டை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்துக்கொள்கிறது. நாம் சொன்ன உயரம் வந்ததும், 100 அடியிலிருந்து 1,000 அடி வரை எதுவானாலும், அவிழ்த்துவிடுகிறது. நான் 300 அடியில் வைக்கிறேன். உச்சியில் பிரிந்த ராக்கெட் உருண்டபடி வேகமாக இறங்கி, கடைசியில் பாராசூட் விரிந்து, ஏவிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது. விலை கிட் விலையைவிடக் கூடுதல். இருந்தாலும் இந்த ராக்கெட்டுக்காக நான் செலவழித்ததில் மிக உருப்படியான செலவு இதுதான் என்பேன்.

கயிறும் கிட்டில் குட்டையாக இருந்தது. ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும், இல்லையென்றால் கூம்பு திரும்பி வந்து குழாயையே இடிக்கிறது. மோட்டார் பக்கம் சூடு தாங்கும் கெவ்லர் கயிறு, மேலே அகலமான குழாய் நைலான் என்று மாற்றிக்கொண்டேன். நோமெக்ஸ் துணி இப்போது பழுப்பேறி முறுமுறுவென்று இருக்கிறது, ஓட்டை விழவில்லை. குழாய்ப் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை போட மறக்கவேண்டாம். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட காற்று கூம்பை முன்கூட்டியே தள்ளிவிடலாம்.

நீண்ட நாளில் கையைக் கடிப்பது மோட்டார் செலவு. ஒருமுறை வகை எச் மோட்டார் 50, 60 டாலர். ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி, அதனால் களத்திலேயே வாங்குவது மேல். இப்போது அலுமினிய உறை வாங்கி, உள்ளே எரிபொருளை நாமே பொருத்தும் வகைக்கு வந்துவிட்டேன். ஓ-ரிங், கிரீஸ், கறுத்துப்போகும் விரல்கள் என்று வேலை அதிகம், ஆனால் சில பறத்தல்களில் காசு திரும்பிவிடுகிறது.

முதல் கிட்டாக ஃபைபர் கிளாஸ் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எடை கூடினால் சின்ன எச் மோட்டார்கள் திணறும், தேய்க்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. காகிதமே போதும்.

லெவல் 2-க்கு எழுத்துத் தேர்வு உண்டு, படித்துக்கொண்டிருக்கிறேன். இதே உடம்பில் 38 மில்லிமீட்டர் ஜே மோட்டார் நுழையும், ஆனால் இதை அதற்குப் பயன்படுத்தப் போவதில்லை. உயரம் அளக்கும் ஆல்டிமீட்டர் வைத்து இரண்டு கட்டமாகப் பாராசூட் விடும் ராக்கெட்தான் வேண்டும். கிட் தேடும்போது பாராசூட் சேர்க்காமல் விற்கிறவர்களை முதலில் பார்க்கிறேன். எப்படியும் மாற்றத்தான் போகிறேன், அந்தக் காசாவது மிச்சம்.